பலகை தெரிகிறதா?

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. விட்டுப்போன பாடங்களைப் பற்றி எல்லோரும் கவலைப்பட்டோம். விட்டுப்போன கண் பரிசோதனை யார் நினைவுக்கும் வரவில்லை.

கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளையை முதலில் கண்டுகொள்பவர் வகுப்பாசிரியர். பள்ளி மூடியிருந்தபோது நடந்த கைபேசி வகுப்பில் அதற்கு வழியில்லாமல் போனது. கிட்டப்பார்வை உள்ள குழந்தைக்கும் கையிலிருக்கும் திரை தெளிவாகவே தெரியும். ஒரு கண் மட்டும் மங்கலானால் குழந்தைக்கே அது தெரியாது. அதனால் உருவாகக்கூடிய 'சோம்பேறிக் கண்'ணைச் சிறு வயதிலேயே கவனிக்காவிட்டால், பிறகு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை கிடைப்பது அரிது.

விட்டுப்போன பாடங்களை ஈடுகட்டத் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தின் தன்னார்வலர்கள் மாலைதோறும் பிள்ளைகளைச் சந்தித்தார்கள். இத்தகைய தன்னார்வலர்களுக்கு முறையான பயிற்சியும் ஆங்கில 'இ' எழுத்து அட்டையும் தந்தால் அவர்களே முதற்கட்டச் சோதனையைச் செய்யலாம். எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் என்று பிள்ளை விரலால் காட்டினால் போதும். அட்டை 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்க, மற்றொரு கண்ணைப் பிள்ளை தன் உள்ளங்கையாலேயே மூடட்டும். விரலிடுக்கில் எட்டிப் பார்க்காமல் கவனித்தால் சரி.

ஆனால், தன்னார்வலர் சந்தேகத்தைத்தான் குறிக்க முடியும். கண்ணாடி எழுதித் தர வேண்டியது மருத்துவத் துறை. அப்படிக் குறித்த பெயர்ப் பட்டியல் கோப்பில் தூங்கினால் இத்தனை உழைப்பும் வீண். கண்ணாடி பிள்ளையின் முகத்தில் ஏறும்வரை அரசு பொறுப்பேற்க வேண்டும்.