தாவும் மரபணுவும் நாலு மாத்திரையும்

காய்ச்சல் என்றால் மருந்துக் கடைக்குப் போய், "நாலு ஆன்டிபயாடிக் குடுங்க" என்று கேட்டு வாங்கி விழுங்குவது நம்மில் பலருக்குப் பழகிப்போன வைத்தியம். திருவனந்தபுரத்தில் அப்படிக் கேட்பதற்கு முன் யோசிக்க வேண்டும். டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க, கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் கடைகளில் திடீர் சோதனைகளைத் தொடங்கியது. கிருமிகளின் மருந்து எதிர்ப்பைச் சமாளிக்க 2018-லேயே தனிச் செயல்திட்டம் போட்ட முதல் மாநிலமும் கேரளம்தான். நாலு மாத்திரைக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

பதில், மரபணுக்களின் ஒரு விசித்திர குணத்தில் இருக்கிறது. சில டி.என்.ஏ. துண்டுகள் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. அங்கிருந்து கிளம்பி இன்னோரிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மக்காச்சோள மணிகளின் நிறப் புள்ளிகளை ஆராய்ந்து 1940-களில் இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி பார்பரா மெக்ளின்டாக். சக விஞ்ஞானிகள் நம்பத் தயங்கினார்கள். நோபல் பரிசு கிடைத்தபோது (1983) அவருக்கு வயது 81.

மனித டி.என்.ஏ.வில் ஏறக்குறைய பாதி, இத்தகைய துண்டுகளின் மிச்சம்தான். பெரும்பாலானவை அசையும் சக்தியை இழந்துவிட்டன. கிருமிகளிலோ அவை சுறுசுறுப்பாக இருக்கின்றன. அவை இரண்டு விதமாக வேலை காட்டும். ஒன்று, வேறொரு மரபணுவின் நடுவே புகுந்து அதைச் செயலிழக்கச் செய்யும். நிமோனியா உண்டாக்கும் க்ளெப்ஸியெல்லா கிருமியில் இப்படி ஒரே ஒரு மரபணு கெட்டால் போதும், கடைசி ஆயுதமான கோலிஸ்டின் மருந்துகூடப் பலிக்காமல் போகலாம்.

இரண்டாவது, மருந்தை எதிர்க்கும் மரபணுவைச் சுமந்துகொண்டு தாவும். பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் அது ஏறிவிட்டால் ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரும். என்.டி.எம்.-1 மரபணு பரவியது இப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் சகாக்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. புது தில்லியின் பெயரை எப்படி வைக்கலாம் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. கிருமிகள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஆன்டிபயாடிக் சாப்பிடாவிட்டாலும் மரபணுக்கள் தாவும். ஆனால் அந்தத் தாவலால் லாபமடைந்த கிருமியை விட்டுவிட்டு, அதன் போட்டியாளர்களை மட்டும் கொன்று இடம் ஒதுக்கிக் கொடுப்பது நாம் விழுங்கும் மாத்திரை. வைரஸ் காய்ச்சலை அது தொடக்கூட முடியாது. அடுத்த முறை நிஜமாகவே தேவைப்படும்போது, உங்களுக்கோ பக்கத்துப் படுக்கைக்காரருக்கோ அது வேலை செய்யாமல் போகலாம். சீட்டு எங்கே என்று கடைக்காரர் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.