புகைபோக்கி உயர்ந்தால் போதுமா?



சோறு கெட்டுவிட்டால் கொட்டி விடுகிறோம். தண்ணீர் கலங்கியிருந்தால் வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம். காற்று கெட்டிருந்தால் என்ன செய்வது? நல்ல காற்று வரும்வரை மூச்சை நிறுத்தி வைக்க நம்மில் யாரால் முடியும்? வளர்ந்த மனிதர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறார். இதில் ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு இல்லை. ஆனால் இருவருக்கும் ஒரே காற்றுதான் கிடைக்கிறதா?

முதலில் காற்று என்றால் என்னவென்று பார்ப்போம். அது ஒரு கலவை. ஈரமில்லாத காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். மீதியுள்ள ஒரு பங்கில் பெரும்பகுதி ஆர்கான். கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 பங்குதான். இந்தக் கலவை நம் நுரையீரலுக்கு எந்தக் கேடும் செய்வதில்லை. கேட்டைக் கொண்டு வருவது பெரும்பாலும் நாம் மூட்டும் நெருப்புதான்.

நிலக்கரியை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் கரியோடு கந்தகமும் கலந்திருக்கிறது. எரியும்போது கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக டை ஆக்சைடு என்ற வாயுவாகிறது. அதைச் சுவாசித்தால் தொண்டை எரியும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக் குழல் சுருங்கும். கதை இதோடு முடிவதில்லை. இந்த வாயு காற்றில் மிதந்தபடியே மேலும் ஆக்சிஜனை ஏற்று, நீரோடு கூடிக் கந்தக அமிலமாகிறது. மழையோடு இறங்கினால் அது அமில மழை. அமோனியாவோடு சேர்ந்தால் சல்பேட் நுண்துகள். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் துகளை மூக்கு தடுக்காது. அது நுரையீரலின் அடிவரை செல்கிறது, இதயத்தையும் பாதிக்கிறது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. வீடுகளிலும் மின்நிலையங்களிலும் எரித்த நிலக்கரியின் புகை, காற்று அசையாத குளிரில் தரையோடு தேங்கி நின்றது. இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்று அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956ல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது.

அதன்பின் அவர்கள் செய்த இன்னொரு காரியத்தையும் கவனியுங்கள். மின்நிலையங்களின் புகைபோக்கிகளை உயரமாகக் கட்டினார்கள். உள்ளூரில் காற்றுத் தெளிந்தது. ஆனால் கந்தகம் எங்கே போயிற்று? கடல் தாண்டி நார்வேயிலும் சுவீடனிலும் அமில மழையாக இறங்கியது. ஏரிகளில் மீன்கள் மடிந்தன. எல்லை தாண்டும் இந்த மாசைத் தடுக்க 1979ல் ஜெனீவாவில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்ய வேண்டியதாயிற்று. புகைபோக்கியை உயர்த்துவது விஷத்தை ஒழிப்பதல்ல. விலாசம் மாற்றி அனுப்புவது!

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். அனல் மின்நிலையங்கள் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி வகுத்தது. அளித்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். அந்த அவகாசம் 2022 வரை நீண்டது. பிறகு மீண்டும் மீண்டும் நீண்டது. முடிவில் 2025 ஜூலையில், ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவான மின்நிலைய அலகுகளுக்கு அந்த விதியிலிருந்தே விலக்களித்து அறிவிக்கை வந்தது. அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனை என்ன தெரியுமா? புகைபோக்கி குறிப்பிட்ட உயரம் இருக்க வேண்டுமாம்!

நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு என்கிறார்கள். உண்மைதான். சுமார் அரை சதவீதம் என்றே வைத்துக் கொள்வோம். நாளொன்றுக்கு 10,000 டன் எரிக்கும் நிலையத்தில் அது 50 டன் கந்தகம். கந்தகம் எரிந்தால் அதைப்போல் இரு மடங்கு எடையுள்ள வாயுவாகும். ஆக, ஒரே நாளில் ஏறத்தாழ 100 டன்! இதையா குறைவு என்பது?

நகரங்களின் காற்றை அளந்து பார்த்தோம், கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறார்கள். வாயுவாக அளந்தால் குறைவாகத்தான் இருக்கும். அதில் ஒரு பகுதிதான் வழியிலேயே நுண்துகளாக மாறிவிட்டதே! உருமாறிப் போனவனைப் பழைய பெயரில் தேடிவிட்டு, ஆளே இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து நீரில் கரைத்து, புகையின் குறுக்கே தெளித்தால் கந்தக வாயுவின் பெரும்பகுதி அதில் பிடிபட்டு ஜிப்சமாகிறது. அந்த ஜிப்சம் சிமெண்டு ஆலைக்கும் பயன்படும். செலவு ஆகும், மின்கட்டணம் உயரும் என்று சொல்வதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவு இன்று மட்டும் இல்லாமலா இருக்கிறது? மருத்துவமனைச் சீட்டிலும், மாத்திரைக் கடையிலும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியிலும் அதை மக்கள்தான் கட்டிக் கொண்டிருக்கிறார்கள். எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் புகைபோக்கிக்கு அருகில் குடியிருப்பவர்கள் யார்? மீனவர்களும் கூலித் தொழிலாளர்களும்தானே! வசதி படைத்தவர் வீடு மாற்றிக் கொள்வார். கடலை நம்பி வாழ்பவர் எங்கே போவார்?

மாசற்ற நீரும் காற்றும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே தீர்ப்பளித்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உரிமையை ஓர் அறிவிக்கையால் சுருக்கிவிடலாமா?

வாசகர்களே! உங்கள் ஊருக்கு அருகில் மின்நிலையம் இருக்கிறதா? அது எந்தப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது, அதன் புகையில் எவ்வளவு கந்தகம் வெளியேறுகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். பதிலை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மேசையில் வையுங்கள். ஓட்டுக் கேட்டு எல்லாத் தெருவுக்கும் வருகிறவர்கள், அந்தத் தெருவின் காற்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!