கை படாத நெட்வொர்க்கில் யாருடைய கை?



இந்த மடலைப் படிக்கிறவர்களில் பாதிப்பேராவது ஐடி வேலையில் இருப்பீர்கள். ஆனாலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பின்கட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குள் பேசியதே இல்லை. நான் பதினோரு வருடமாக அந்தப் பின்கட்டில்தான் இருக்கிறேன். முதலில் சென்னையில், இப்போது டிரெஸ்டனில். அங்கே இன்று எல்லோர் வாயிலும் அடிபடுகிற சொல் 'ஜீரோ டச்'. அதாவது கை படாமல் தானே ஓடி, தானே பழுது பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தச் சொல்லுக்குள் நம்மைப் போன்றவர்களின் உழைப்பு மறைக்கப்படுகிறது என்பது என் கருத்து.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபுரம், கேபிள், ரூட்டர் இவைதான் நெட்வொர்க். அதை நடத்துவதற்கு மேலே ஒரு மென்பொருள் அடுக்கு உண்டு. ஆபரேஷன்ஸ் சப்போர்ட் சிஸ்டம் என்பார்கள், சுருக்கமாக ஓஎஸ்எஸ். எந்தத் தெருவில் எந்தக் கேபிள் போகிறது என்ற கணக்கு, புது இணைப்புக் கொடுப்பது, பழுது வந்தால் அலாரம் அடிப்பது, அதற்கு டிக்கெட் போட்டு ஆளை அனுப்புவது எல்லாம் அதன் வேலை. அந்தத் திரைக்கு முன்னால் ஷிப்ட் போட்டு இருபத்துநாலு மணி நேரமும் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். ஒரு புயல் ராத்திரியில் அலாரம் ஆயிரக்கணக்கில் கொட்டும். அதில் பெரும்பகுதி எங்கோ அறுந்த ஒரே கேபிளின் எதிரொலி. எது மூலம், எது எதிரொலி என்று பிரித்தெடுப்பதுதான் எங்கள் கைத்தொழில்.

இந்த அடுக்கு கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் தலைகீழாக மாறிவிட்டது. 2012இல் டாய்ச்சே டெலிகாம் உட்படப் பத்துக்கும் மேற்பட்ட பெரிய நிறுவனங்கள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன: ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பெட்டி வாங்குவதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சாதாரண சர்வரில் மென்பொருளாக ஓட்டலாம் என்று. பெட்டி மென்பொருளானால் அதை இயக்குவதையும் மென்பொருளிடமே விட்டுவிடலாமே? அடுத்த படி அதுதான். டிஎம் ஃபோரம் என்ற தொழில்துறை அமைப்பு நெட்வொர்க்குகளை 0 முதல் 5 வரை படி போட்டு அளக்கிறது. 0 என்றால் எல்லாம் மனிதக் கையால். 5 என்றால் எல்லாம் இயந்திரமே. பல நிறுவனங்கள் நான்காம் படியை இலக்காக அறிவித்திருக்கின்றன. 2025 பார்சிலோனா மொபைல் மாநாட்டை ஒட்டி டாய்ச்சே டெலிகாமும் கூகுள் கிளவுடும் 'ரேன் கார்டியன்' என்ற ஏஐ ஏஜென்ட்டை முன்வைத்தன. கோபுரங்களின் நடத்தையைக் கவனித்து, கோளாறைக் கண்டுபிடித்து, திருத்தத்தையும் அதுவே செய்யும் என்பது வாக்குறுதி.

டிரெஸ்டன் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. இங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2014இலிருந்து 5ஜி ஆய்வகம் இயங்குகிறது. டாய்ச்சே டெலிகாமின் எம்எம்எஸ் நிறுவனத்துக்குத் தலைமையிடம் இதே ஊர். மேற்கு ஜெர்மன் டிவி எட்டாததால் ஒரு காலத்தில் 'ஒன்றும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு' என்று கேலி பேசப்பட்ட ஊரும் இதுதான். அன்றைய கிழக்கு ஜெர்மனியில் நூறு பேருக்கு ஏறத்தாழ பதினோரு தொலைபேசி இணைப்புத்தான். இரு ஜெர்மனியும் இணைந்த பிறகு டெலிகாம் இங்கே கோடிகளைக் கொட்டியது. பல இடங்களில் செம்புக் கம்பிக்குப் பதில் 'ஓபல்' என்ற கண்ணாடி இழைத் தொழில்நுட்பத்தைப் புதைத்தது. அன்றைக்கு அதைவிடப் புதிது எதுவும் இல்லை. ஆனால் 1999இல் டிஎஸ்எல் வந்தபோது, அதற்குத் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடுவரை செம்புக் கம்பி வேண்டும் என்றாயிற்று. டிரெஸ்டனில் ஓபல் போட்ட பகுதிகளும் அப்படி மாட்டின. மேற்கில் பழைய கம்பி வைத்திருந்தவனுக்கு வேகமான இணையம், இங்கே புதுசு வாங்கியவனுக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு. தெருவில் இருக்கிறவர்களைக் கேட்காமல் மேலே முடிவு செய்த தொழில்நுட்பம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அதன் செலவு கீழேதான் விழும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது பட்டுத் தெரிந்த பாடம்.

கனடாத் தோழர்களுக்கு இன்னொரு நாள் நினைவிருக்கும்: 2022 ஜூலை 8. ரோஜர்ஸ் நெட்வொர்க் அதிகாலையில் படுத்தது. ஏறக்குறைய 26 மணி நேரம், 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். கடைகளில் இன்டராக் அட்டை வேலை செய்யவில்லை. பலருக்கு 911 கிடைக்கவில்லை. மைய நெட்வொர்க்கை ஏழு கட்டமாகப் புதுப்பிக்கும் வேலையில் அது ஆறாவது கட்டம். ஒரு வடிகட்டியை நீக்கியதும் ரூட்டிங் தகவல் வெள்ளமாகப் பாய்ந்து மைய ரூட்டர்களை மூழ்கடித்துவிட்டது. இந்த மாதிரிப் பிசகு எங்கள் தொழிலில் எங்கேயும் நடக்கலாம். 2024இல் வெளியான சுயேச்சையான ஆய்வறிக்கையில்தான் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருந்தன.

முதலாவது, அந்த வேலை ஆரம்பத்தில் 'அதிக ஆபத்து' என்றுதான் குறிக்கப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்கள் சிக்கலில்லாமல் முடிந்ததால், ஆபத்தைக் கணக்கிடும் அல்காரிதம் ஆறாவது கட்டத்தைக் 'குறைந்த ஆபத்து' என்று இறக்கிவிட்டது. அதனால் கூடுதல் பரிசோதனையும் அனுமதியும் இல்லாமலே வேலை நடந்தது. இரண்டாவது, நெட்வொர்க்கை நிர்வகிக்கும் வழியும் அதே நெட்வொர்க்கின் மேல்தான் ஓடியது. அது விழுந்ததும் ஊழியர்களால் உள்ளே நுழையவே முடியவில்லை. மூல காரணத்தைப் பிடிக்க ஏறக்குறைய 14 மணி நேரம் ஆயிற்று. இயந்திரம் தந்த மதிப்பெண்ணை நம்பி மனிதப் பார்வையை நீக்கினால், விழுகிற நாளில் மீண்டும் மனிதர்களைத்தான் தேடி ஓட வேண்டும்.

'ஜீரோ டச்' விளம்பரத்தில் வராத கைகள் இவை. அந்தக் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் நம் ஊர் வந்துவிடும். 2004இல் பார்தி ஏர்டெல் தன் நெட்வொர்க்கை நடத்தும் பொறுப்பை எரிக்சனிடமும், ஐடியை ஐபிஎம்மிடமும் ஒப்படைத்தது. உலகமே வியந்து பார்த்த ஏற்பாடு. பிறகு ஐரோப்பிய நெட்வொர்க்குகளின் கண்காணிப்பே இந்தியாவின் ராத்திரி ஷிப்டுகளுக்கு வந்தது. நானே சென்னையில் உட்கார்ந்து, பார்க்காத ஐரோப்பிய ஊர்களின் கோபுரங்களுக்கு விடிய விடிய டிக்கெட் போட்டவன். இன்னொரு பக்கம் 2020 ஜனவரி 31 அன்று, ஒரே நாளில், பிஎஸ்என்எல்லில் இருந்து சுமார் 78,500 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். மொத்த ஊழியர்களில் பாதிப்பேர். எந்தக் கேபிள் எந்தச் சாக்கடைக்கு அடியில் போகிறது என்ற அறிவும் அவர்களோடு வீட்டுக்குப் போயிற்று. மிச்ச வேலை ஒப்பந்தக்காரர்கள் கையில்.

இப்போது அந்த அறிவைத்தான் ஏஐ கேட்கிறது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் நாங்கள் எழுதிய குறிப்பு, 'இந்த அலாரம் வந்தால் முதலில் பவரைப் பார்', 'இந்த சைட்டில் மழைக்கு இப்படித்தான்' என்பது போல, எத்தனையோ பேர் ராத்திரிக் கண்விழிப்பில் சேர்த்தது. அதுதான் மாடலுக்குத் தீனி. நான் வேலை பார்க்கிற இடத்தில் (பெயர் வேண்டாம், துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று) பழைய டிக்கெட்டுகளை மொத்தமாக எடுத்துப் பயிற்சிக்குக் கொடுத்தார்கள். எழுதியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே பதிவிலிருந்து யார் எத்தனை நிமிடத்தில் டிக்கெட்டை முடித்தார்கள் என்ற பட்டியலும் வந்தது. சென்னையில் இருக்கும் சக ஊழியர் போனில் கேட்டார்: "அண்ணே, எங்களுக்குப் பதிலா வரப்போறதுக்கு நாங்களே பாடம் எடுக்கிறோமா?"

சில தோழர்கள் கேட்கலாம்: ராத்திரி மூணு மணிக்கு அலாரம் பார்க்கிற வேலையையா காப்பாற்றச் சொல்கிறாய்? இல்லீங்க. அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆயிரம் எதிரொலி அலாரத்தை ஒன்றாகச் சுருக்குவது உண்மையிலேயே நல்ல கண்டுபிடிப்பு. மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. ஷிப்ட் நேரம் குறையலாம், அல்லது ஷிப்டில் இருக்கிற தலைகள் குறையலாம். இரண்டில் எது என்பதை எந்த அல்காரிதமும் தீர்மானிப்பதில்லை. 2003இல் இதே சாக்சனியில் 35 மணி நேர வாரத்துக்காக ஐஜி மெட்டால் நடத்திய வேலைநிறுத்தம் தோற்றது. அந்தக் கோரிக்கையை மீண்டும் எடுக்க இதைவிட நல்ல நேரம் வராது.

ஜெர்மனியில் நம் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. பெரும்பாலான நம்மவர்கள் அதைத் தொட்டதே இல்லை. பெட்ரீப்ஸ்ராட், அதாவது நிறுவனத்துக்குள் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம். 1972 சட்டத்தின் 87ஆம் பிரிவுப்படி, ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் தொழில்நுட்பத்தை மன்றத்தின் சம்மதம் இல்லாமல் புகுத்த முடியாது. டிக்கெட் நேரத்தை அளக்கும் ஓஎஸ்எஸ்ஸும் அதில் அடங்கும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, ஏஐயை மதிப்பிட வேண்டி வந்தால் மன்றம் நிறுவனச் செலவில் நிபுணரை அழைக்கலாம். சாக்சனி சட்டமன்றத் தேர்தலில் நமக்கு ஓட்டு இல்லை. மன்றத் தேர்தலில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் ஓட்டு உண்டு. ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் நிற்கவும் செய்யலாம். ஏஜென்சி மூலம் மூன்று மாதத்துக்கு மேல் அமர்த்தப்படுபவர்களுக்கும் ஓட்டு உண்டு.

அங்கே நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. ஒன்று, ஆள்வாரியாக அளக்கும் பட்டியல் கூடாது. அது டிரெஸ்டனில் நின்றால், அதே மென்பொருளில் வேலை பார்க்கும் சென்னையிலும் நிற்க வேண்டும். இரண்டு, இயந்திரம் ஏன் ஒரு வேலையை 'குறைந்த ஆபத்து' என்றது என்பதை ஷிப்டில் இருப்பவர் பார்க்கவும், தண்டனைப் பயமில்லாமல் அதை நிறுத்தவும் முடிய வேண்டும். மூன்று, தானியக்கத்தால் மிச்சமாகும் நேரம் முதலில் ராத்திரி ஷிப்டைக் குறைக்கப் போக வேண்டும்.

பயம் எனக்கும் புரிகிறது. நம்மில் பலருக்கு வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். அதனால்தான் தனியாக எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை. மன்றம் இல்லாத இடத்தில் ஓட்டுரிமையுள்ள நிரந்தர ஊழியர்கள் ஐந்து பேர் இருந்தாலே ஒன்று அமைக்கலாம். தேர்தலுக்கு அழைப்பு விடுப்பவர்களில் முதல் ஆறு பேருக்கு வேலைநீக்கத்திலிருந்து தனிப் பாதுகாப்பும் உண்டு. வழக்கமான தேர்தல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் 1இலிருந்து மே 31க்குள். 2022க்கு அடுத்தது 2026. புது மன்றம் அமைக்க மட்டும் எந்த மாதமும் தடையில்லை.

உங்கள் அலுவலகத்தில் பெட்ரீப்ஸ்ராட் இருக்கிறதா என்று இந்த வாரம் விசாரித்துப் பாருங்கள். இருந்தால், டிக்கெட் பதிவுகள் பற்றி நிர்வாகத்தோடு ஒப்பந்தம் ஏதும் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்த மடலுக்குப் பதில் போடுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம்.