பெரிய கார், சின்ன விலை: பழைய கரோலா ஆல்டிஸ் கீழ்பென்னாத்தூர் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா?

கீழ்பென்னாத்தூரில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அம்மாவுக்கு மூட்டுவலி. மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் புதுச்சேரி, கையில் குழந்தை. மாதம் ஒருமுறை செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை, இடையில் ஒருமுறை புதுச்சேரி, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. பஸ்ஸில் ஏறி இறங்க அம்மாவால் இனி முடியாது என்பதால் கார் வாங்க முடிவாகிறது. பட்ஜெட் 6 லட்சம் ரூபாய். ஓய்வுக்காலப் பணத்திலிருந்து எடுக்கும் தொகை. போனால் மறுபடி சேர்க்க வயதில்லை.

சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "புதுசா ஒரு சின்ன காரை எடுத்துடுங்க சார், நிம்மதி!" ஆனால் மகன் போனில் ஒரு விளம்பரத்தை அனுப்புகிறார். 2015 மாடல் டொயோட்டா கரோலா ஆல்டிஸ், பெட்ரோல், ஒரே ஓனர், 70,000 கி.மீ ஓடியது, கேட்கும் விலை 5.75 லட்சம். "அப்பா, ஒரு காலத்துல இது கலெக்டரும் கம்பெனி எம்.டி-யும் போன கார்ப்பா!"

மகன் சொல்வது பேராசையா, புத்திசாலித்தனமா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஏன் இவ்வளவு மலிவு?

பெரிய நிறுவன அதிகாரிகள் பின்சீட்டில் அமர்ந்து போவதற்கென்று வந்த கார்களை 'எக்ஸிகியூட்டிவ் செடான்' என்பார்கள். கரோலா ஆல்டிஸ், ஹோண்டா சிவிக், ஸ்கோடா ஆக்டேவியா, ஹூண்டாய் எலான்ட்ரா, செவர்லே க்ரூஸ் எல்லாம் இந்த வரிசை.

இன்று இந்த வரிசையே ஏறக்குறைய காலி. உயரமான எஸ்.யூ.வி-க்கள் வந்தபிறகு, அதே விலைக்குத் தாழ்வான செடானை வாங்க ஆள் இல்லை. செவர்லே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஆல்டிஸும் சிவிக்கும் 2020-ல் விடைபெற்றன. எலான்ட்ரா 2022-ல், ஆக்டேவியா 2023-ல் போயின. பழைய கார் சந்தையிலும் அதே மனநிலைதான். 'பெட்ரோல் குடிக்கும், ஸ்பேர் கிடைக்காது, விற்கப் போனால் விலை போகாது' என்ற மூன்று பயங்கள் சேர்ந்து விலையைக் கீழே இழுக்கின்றன. 2014-ல் இந்தத் தலைமுறை ஆல்டிஸ் வந்தபோது ஷோரூம் விலையே ஏறக்குறைய 12 லட்சத்தில்தான் ஆரம்பித்தது. இன்று அது ஒரு புது ஹேட்ச்பேக்கின் விலைக்குக் கீழே நிற்கிறது.

மலிவெல்லாம் லாபமில்லை

பெரிய காரை நம்பி ஏமாந்த கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் புகழ்பெற்ற ரோவர் எஸ்.டி.1. ஆனால் உள்ளே இருந்ததோ பல ஆண்டு பழைய வடிவமைப்பு கொண்ட இன்ஜின். கார் எடுபடவில்லை, 1988-ல் தயாரிப்பு நின்றது. வாங்கியவர்கள் பாகங்களுக்கு அலைந்தார்கள்.

இதில் உள்ள பாடம் எளிது. கார் நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, கம்பெனி நிற்க வேண்டும். மாருதி 2011-ல் கொண்டுவந்த கிஸாஷி நல்ல கார்தான். ஆனால் முழுதாக இறக்குமதியான கார், விற்றதும் மிகக் குறைவு. முன்பம்பர் ஒன்று உடைந்தால் காத்திருப்பு. க்ரூஸின் நிலையும் அதேபோலத்தான். கம்பெனியே ஊரைக் காலி செய்துவிட்டது.

இந்த இடத்தில்தான் ஆல்டிஸுக்குக் கூடுதல் மதிப்பெண். டொயோட்டா இன்றும் இங்கே இருக்கிறது. 1966-ல் ஜப்பானில் பிறந்த கரோலா, உலகில் அதிகம் விற்ற கார் பெயர். 2021-ல் 5 கோடியைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் 2003 முதல் பெங்களூரு அருகே பிடதியில் தயாரானது. 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 140 பி.எஸ் சக்தி. டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான், குறிப்பிட்ட கி.மீ-க்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் பெரிய செலவு கிடையாது. 2010-ல் வந்த 1.4 லிட்டர் டீசலும் உண்டு, மைலேஜ் நன்றாகக் கொடுக்கும். ஆனால் குறைவாக ஓட்டும் வீட்டுக்குப் பழைய டீசல் தேவையில்லாத தலைவலி.

மாதக் கணக்கு என்ன சொல்கிறது?

வாங்கும் விலையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. மீதியை பெட்ரோல் பங்க்கிலும் மெக்கானிக் கடையிலும் கட்ட வேண்டும்.

இந்தக் குடும்பம் ஆண்டுக்கு 8,000 கி.மீ ஓட்டும் என்று வைப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று முழுசாக்கிக்கொள்வோம். ஆல்டிஸ் லிட்டருக்கு 11 கி.மீ கொடுத்தால் ஆண்டுச் செலவு சுமார் 72,700 ரூபாய். சின்ன கார் 18 கி.மீ கொடுத்தால் சுமார் 44,400. வித்தியாசம் 28,300.

அடுத்து இன்ஷூரன்ஸ். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, 1,500 சி.சி-க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் ஆண்டுக்கு 7,897 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி வரை 3,416 தான். இதில் ஒரு 4,500 ரூபாய் கூடுதல். பெரிய டயர், கூடுதல் ஆயில், வயதான காருக்கே உரிய புஷ், ஷாக் அப்சார்பர் வேலைகளுக்கு ஆண்டுக்கு 15,000 தனியாக ஒதுக்கினால், மொத்தம் ஏறக்குறைய 48,000. அதாவது, சின்ன காரைவிட மாதம் 4,000 ரூபாய் அதிகம்.

இதே குடும்பம் ஆண்டுக்கு 15,000 கி.மீ ஓட்டினால், பெட்ரோல் வித்தியாசம் மட்டுமே 53,000 ரூபாய்க்கு எகிறும். அப்போது இந்தப் பேரம் பேரமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களின் ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது கார் மலிவானால் பழைய காரின் விலையும் இறங்கித்தான் ஆக வேண்டும். விற்பவர் பழைய விலையையே பிடித்துக்கொண்டிருந்தால், இதை எடுத்துச்சொல்லிப் பேரம் பேசலாம்.

ஆக, பணம் மிச்சமாகும் என்று நினைத்து ஆல்டிஸ் வாங்கினால் ஏமாற்றம்தான். அதே பணத்துக்கு அகலமான பின்சீட், இரண்டு பெரிய சூட்கேஸும் குழந்தையின் தொட்டிலும் சேர்ந்து போகும் டிக்கி, ஹைவேயில் அலுங்காத ஓட்டம் ஆகியவை கிடைக்கின்றன. மாதம் 4,000 ரூபாய் அதற்கான கட்டணம். கொடுக்கத் தயாரா என்பதுதான் கேள்வி.

முதலில் அம்மா உட்காரட்டும்

கார் பார்க்கப் போகும்போது மெக்கானிக்குக்கு முன் அழைத்துப்போக வேண்டியது அம்மாவை. செடானில் சீட் தாழ்வாக இருக்கும். உட்கார்ந்தபின் சொகுசுதான், ஆனால் மூட்டுவலிக்காரர்கள் குனிந்து ஏறுவதும், எழுந்து இறங்குவதும் கஷ்டம். ஐந்துமுறை ஏறி இறங்கிப் பார்க்கட்டும். முகம் சுளித்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். யாருக்காகக் காரோ அவரால் ஏற முடியவில்லை என்றால், கலெக்டர் போன கார் என்ற பெருமையால் பயனில்லை.

அடுத்த சோதனை வேகத்தடை. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கிராமத்துச் சாலையின் உயரமான வேகத்தடைகளில் மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். அடி தட்டுகிறதா, முன்பக்கம் 'கடகட' சத்தம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

தண்ணீரில் நின்ற காரா?

சென்னையிலிருந்து வரும் 2015 மாடல் என்றாலே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: அந்த டிசம்பர் வெள்ளத்தில் இது எங்கே நின்றது? 2023 மிக்ஜாமில் எங்கே நின்றது? விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்துக் கார் என்றால் 2024 ஃபெஞ்சல் புயல். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரை பாலிஷ் போட்டு நிறுத்தினால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. எலெக்ட்ரிக்கல் வேலை மட்டும் மாதாமாதம் வரும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், நுனியில் சேற்றுக் கறை தெரியும். மேட்டைத் தூக்கி கார்பெட்டுக்குக் கீழே தடவிப் பார்க்கலாம். சீட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் துருவும், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் மண்ணும் இருந்தால், கும்பிடு போட்டுத் திரும்பிவிடலாம்.

மெக்கானிக் பார்க்க வேண்டியவை

காரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லி, இன்ஜின் குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட்டைக் கேட்க வேண்டும். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆட்டோமேட்டிக் என்றால் அது சி.வி.டி கியர்பாக்ஸ்; மெதுவாக நகரும்போது உதறுகிறதா என்று பார்ப்பதும், கியர் ஆயில் மாற்றிய பில்லைக் கேட்பதும் முக்கியம். பழுதானால் செலவு பெரிது. பயமாக இருந்தால் மேனுவலே மேல்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-ம் ஆண்டின் 35-வது வாரம் தயாரானது. பட்டன் தேயவில்லை என்றாலும் வயதான டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லலாம். ஓடோமீட்டர் 70,000 காட்டுவதை நம்பாமல், சர்வீஸ் ரெக்கார்டில் ஒவ்வொரு முறையும் பதிவான கி.மீ-யைச் சரிபார்க்க வேண்டும். ஸ்டீயரிங் வழவழப்பாகத் தேய்ந்து, மீட்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் சந்தேகம் நியாயமானது.

பழைய கார்களுக்கே உரிய இன்னொரு விஷயம் எத்தனால் கலந்த பெட்ரோல். 20 சதவிகிதக் கலப்புக்கு ஏற்ற பாகங்களுடன் கார்கள் தயாரானது 2023 ஏப்ரலிலிருந்துதான். 2015 காரில் மைலேஜ் கொஞ்சம் குறையும். பெட்ரோல் செல்லும் ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் சர்வீஸின்போது தவறாமல் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆர்.சி புக்கில் அவசரம் வேண்டாம்

அட்வான்ஸ் கொடுக்கும்முன் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால், எத்தனையாவது ஓனர், பேங்க் கடன் பாக்கி, அபராதம் எல்லாம் தெரியும். கடன் இருந்து அடைத்திருந்தால் பேங்க்கின் என்.ஓ.சி-யும், படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று விட்டால், விபத்து நடக்கும்போது ஆர்.சி-யில் பெயர் உள்ள பழைய ஓனர் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். பழைய ஓனரின் 'நோ கிளெய்ம் போனஸ்' காரோடு வராது.

டெல்லிப் பதிவு கார் இன்னும் மலிவாகக் கிடைக்கும். அங்கே 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு எதிரான உத்தரவுகளால் வரும் மலிவு அது. ஆனால் இங்கே கொண்டுவந்து பதிவு செய்யும்போது வாழ்நாள் வரி மறுபடி கட்ட வேண்டும். அந்த மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

டீலரிடம் வாங்கும்போது 'ஜி.எஸ்.டி 18 சதவிகிதம் தனி' என்று முழு விலைக்கும் கணக்குப் போட்டால் ஏற்க வேண்டாம். அந்த வரி டீலரின் லாபத் தொகைக்கு மட்டும்தான். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் ஜி.எஸ்.டி-யே கிடையாது.

என்ன செய்யலாம்?

6 லட்சம் பட்ஜெட் என்றால், 5 லட்சத்துக்கு மேல் காருக்குக் கொடுக்கக் கூடாது. மீதி ஒரு லட்சம் டயர், பேட்டரி, பிரேக், பெயர் மாற்றச் செலவு, முதல் வருட எதிர்பாராத வேலைகளுக்கு. 5.75 லட்சம் கேட்பவர் 5 லட்சத்துக்கு இறங்கவில்லை என்றால் வேறு காரைத் தேடலாம். இந்த ரக கார்களுக்கு வாங்குபவர்கள் குறைவு. அவசரப்பட வேண்டியவர் விற்பவர்தான். நாளை விற்கும்போது தாமும் அதே இடத்தில்தான் நிற்போம் என்பதையும் மறக்கக் கூடாது. குறைந்தது ஐந்து வருடம் வைத்துக்கொள்பவர்கள் மட்டுமே வாங்க வேண்டிய கார் இது. 2015-ல் பதிவான காருக்கு 2030-ல் ஆர்.சி புதுப்பிக்க எஃப்.சி காட்ட வேண்டும்; அதற்குப்பின் பசுமை வரியும் உண்டு.

தினமும் திருவண்ணாமலைக்கு வேலைக்குப் போய்வருபவர்களுக்கு, வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு, கடன் வாங்கிக் கார் எடுப்பவர்களுக்கு ஆல்டிஸ் வேண்டாம். அவர்களுக்குச் சின்ன காரே சரி.

மாதம் இரண்டு நீண்ட பயணம், ஐந்து பேர், கைக்காசு, அவசரமில்லாத தேடல் என்றிருக்கும் அந்த ஆசிரியர் குடும்பத்துக்கு மகன் அனுப்பிய விளம்பரம் தப்பில்லை. காரைப் பார்க்கப் போகும் நாளில் அம்மாவையும், ஊரில் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப்போகட்டும். அம்மா சிரமமில்லாமல் ஏறி உட்கார்ந்து, மெக்கானிக்கும் தலையாட்டிய பிறகு பணப்பையைத் திறந்தால் போதும்.