மாட்டு டாக்டர் என்ற பட்டம்

மும்பையின் பரேல் பகுதிக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். புற்றுநோய் என்றால் டாடா நினைவு மருத்துவமனை. குழந்தைகளுக்கு வாடியா. மற்ற எல்லா வியாதிகளுக்கும் கே.இ.எம். மறுநாள் சீட்டுக்காக நடைபாதையில் படுத்திருக்கும் குடும்பங்கள் இங்கே அன்றாடக் காட்சி. ஆனால் இந்த மருத்துவமனைகளுக்கெல்லாம் மூத்தது நாலு கால் நோயாளிகளுக்கானது. 1874ல் தொடங்கிய பம்பாய் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் முயற்சியாலும் பார்சி செல்வந்தர் சர் தின்ஷா மானக்ஜி பெட்டிட்டின் கொடையாலும் 1880களில் உருவானது பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் கால்நடை மருத்துவமனை. கே.இ.எம். வந்தது 1926ல். டாடா 1941ல்.

மிருகங்கள் முந்திக்கொண்டதற்குக் கருணை மட்டும் காரணமல்ல. அதே 1874ல்தான் பம்பாய் தெருக்களில் குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. பஞ்சுப் பொதியை ஆலைக்கும் துறைமுகத்துக்கும் இழுத்தவை எருதுகள். மாடு நொண்டினால் வியாபாரமும் நொண்டியது. எனவே மருத்துவமனையை அடுத்து, 1886ல் பரேலிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது. முதல் தலைமுறை டாக்டர்கள் பார்த்தது செல்லப் பிராணிகளை அல்ல, உழைப்பாளிகளை.

நோயாளிகள் மாறிவிட்டார்கள். 1907ல் மின்சார டிராம் வந்தது. பின்னால் லாரி வந்தது. எஞ்சியிருந்த விக்டோரியா குதிரை வண்டிகளையும் 2015ல் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்று அறிவித்தது. இப்போது வரிசையில் நிற்பவை பெரும்பாலும் நாய்கள், பூனைகள், காரில் அடிபட்ட தெருநாய்கள், சிறகு ஒடிந்த பருந்துகள். 2024ல் மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளைகள் சிறு பிராணிகளுக்கென்று பல மாடி மருத்துவமனையே திறந்திருக்கின்றன.

மாறாதது டாக்டரின் பட்டப் பெயர். தமிழில் 'மாட்டு டாக்டர்'. மராத்தியில் 'குராஞ்சா டாக்டர்'. பஞ்சாபில் 'டங்கர் டாக்டர்'. வங்காளத்தில் 'கொருர் டாக்தார்'. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான். சொல்லும்போது உதட்டோரம் வரும் சிரிப்பும் ஒன்றுதான். மனித டாக்டர் படிக்கும் அதே அளவுக்கு இவரும் ஐந்தரை ஆண்டுகள் படிக்கிறார். அவருக்கு ஒரே ஓர் உடலமைப்பு. இவருக்கோ நாலு அறை வயிறுள்ள பசு, ஒரே அறை வயிறுள்ள குதிரை, கோழி, பன்றி, நாய் என்று ஒவ்வொன்றும் தனிப் பாடம். ஆனால் கல்யாணச் சந்தையில் "டாக்டர்தான், ஆனால்..." என்று ஆரம்பிக்கும் வாக்கியம் இன்னும் முடிந்தபாடில்லை.

இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. முதல் வகை எம்.பி.பி.எஸ்.ஸை நூலிழையில் தவறவிட்டவர்கள். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்கள் 'நீட்' மதிப்பெண்ணில்தான் நிரப்பப்படுகின்றன. பட்டியலில் கீழே இறங்கி இறங்கி, கடைசியில் கால்நடைக்கு வந்து சேர்ந்தவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. இரண்டாம் வகை, விடியற்காலையில் பால் கறந்துவிட்டுப் பள்ளிக்குப் போன விவசாய வீட்டுப் பிள்ளைகள். கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு பசு சாவதைப் பார்த்த இரவு அவர்களுக்கு மறக்காது. மூன்றாம் வகை புதியது. வீட்டு நாய்க்குட்டியின் மீதுள்ள பாசத்தால் வரும் நகரத்துப் பிள்ளைகள். முதல் பசுவின் பின்புறத்தில் தோள் வரை கையை விடும் நாளில் மூன்று வகையும் ஒன்றாகிவிடுகிறது.

பெண்களுக்கு இந்தக் கதவு தாமதமாகத்தான் திறந்தது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903ல். சக்குபாய் ராமச்சந்திரன் அங்கே மாணவியாகச் சேர்ந்தது 1948ல். 1952ல் பட்டம் பெற்று வெளியே வந்தபோது அவர்தான் இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர். காளையை அடக்கப் பெண்ணுக்கு உடல் வலு ஏது என்பது அன்றைய கேள்வி. காளையை எந்த ஆண் டாக்டரும் வலுவால் அடக்கியதில்லை. கயிறும் அனுபவமும் இரண்டு உதவியாளர்களும்தான் அடக்குகிறார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. இன்று பல கல்லூரிகளில் பெண்கள் இல்லாத வகுப்பைக் கற்பனை செய்ய முடியாது.

பம்பாய் கல்லூரியிலிருந்து புறப்பட்ட ஒரு பெண்ணின் கதை வேறு விதம். அம்ரிதா பட்டேல் ஐ.சி.எஸ். அதிகாரியின் மகள். அப்பா எச்.எம். பட்டேல் பின்னால் மத்திய நிதியமைச்சரும் ஆனார். பட்டம் பெற்ற மகள் 1965ல் போய்ச் சேர்ந்த இடம் குஜராத்தின் ஆனந்த், அமுல் கூட்டுறவு. 1998ல் வர்கீஸ் குரியனுக்குப் பிறகு தேசியப் பால்வள வாரியத்தின் தலைவரானார். 2014 வரை அந்த நாற்காலியில் இருந்தார். வெண்மைப் புரட்சி என்றால் எல்லோருக்கும் குரியன் நினைவுக்கு வருவார். பசுவின் தீவனத்தையும் நோயையும் கவனித்த டாக்டர்கள் படத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள்.

அஸ்ஸாமின் குஷால் கோன்வர் சர்மாவைத் தொழிலுக்கு இழுத்தது ஒரு யானை. கீழ் அஸ்ஸாம் கிராமத்தில் அவர் குடும்பத்தில் லக்கிமி என்ற பெண் யானை இருந்தது. அதன் முதுகில் ஏறிய சிறுவன் பின்னாளில் குவாஹாட்டியின் கானாபாராவில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். மதம் பிடித்த யானைகளை மயக்க ஊசியால் அடக்குவதில் நாடறிந்த பெயர். 2020ல் பத்மஸ்ரீ கிடைத்தது. முதுமலையின் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை வாழும் காலத்தில் அறிந்தவர்கள் காட்டோடு தொடர்புள்ளவர்கள் மட்டுமே. காட்டில் செத்துக் கிடக்கும் யானைகளுக்கும் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். எப்படிச் செத்தது என்று தெரியாவிட்டால் அடுத்ததைக் காப்பாற்ற முடியாது என்பது அதன் தர்க்கம். அவர் 2002ல் மறைந்தார். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' வந்த பிறகுதான் தமிழ் வாசகர்களில் பலருக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரிந்தது.

யானை இருந்தால் புகழ் வருகிறது. மாட்டுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. அரசு மருந்தகத்தில் ஒரு டாக்டரின் நாள் சினை ஊசியில் தொடங்கி, நஞ்சுக்கொடி விழாத பசுவில் முடியும். நோயாளி பேசாது; எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. அதற்காக மாட்டுக்காரர் பேசுவார். மூன்று நாளாகத் தீனி எடுக்காததை "நேற்றிலிருந்துதான்" என்பார். இரண்டு நாள் கை வைத்தியம் பார்த்ததை மறைப்பார். பொய் சொல்லத் தெரியாத நோயாளி, உண்மை சொல்லத் தயங்கும் சொந்தக்காரர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்துதான் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகுதான் கஷ்டமான கேள்வி வருகிறது: செலவு யார் செய்வது? நகரத்து நாய்க்குப் பணம் கட்டும் மனிதர் உண்டு. ஒரே கறவை மாட்டை வைத்திருக்கும் பெண்ணுக்கு மருந்துச் சீட்டு என்பது மாதக் கணக்கு. அந்த மாட்டின் வயிற்றைத் திறந்தால் பிளாஸ்டிக் பைகள். பத்து கிலோ, இருபது கிலோ, ஐம்பதைத் தாண்டிய சம்பவங்களும் உண்டு. குப்பையைக் கட்டிப் போட்டது நகரம். வெட்டி எடுப்பது டாக்டர். பால் நின்று நஷ்டப்படுவது மாட்டுக்காரி. குதிரைக்கு கிளாண்டர்ஸ் நோய் உறுதியானால் சட்டப்படி அதைக் கொன்றாக வேண்டும். பிழைப்புக்கு அந்தக் குதிரையையே நம்பியிருக்கும் வண்டிக்காரரின் எதிரில் நின்று அந்த முடிவைச் சொல்ல வேண்டியவரும் இதே டாக்டர்தான். காப்பாற்றுவதற்குப் படித்தவர்களில் கொல்லவும் கடமைப்பட்டவர் இவர் ஒருவரே.

கடமையில் ஆபத்தும் உண்டு. சினைப்பையில் விட்ட கையின் வழியே கன்று வீச்சு நோய் டாக்டரின் ரத்தத்துக்குள் போகலாம். மாதக்கணக்கில் காய்ச்சல் விட்டு விட்டு வரும். அடைப்பான் நோயில் செத்த மாட்டை அறியாமல் அறுத்தால் உயிருக்கே உலை. வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் முதல் பாடம். இத்தனைக்கும் பயிற்சி மாணவர்களின் உதவித்தொகை எம்.பி.பி.எஸ். மாணவர்களைவிடக் குறைவு என்று பல மாநிலங்களில் அவர்கள் வீதிக்கு வந்து போராடியிருக்கிறார்கள்.

ஊசி தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தியாவிடம் ஒரு பாடம் இருக்கிறது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் டைக்ளோஃபினாக் மலிவாகக் கிடைத்தது; நன்றாகவும் வேலை செய்தது. அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. வெண்முதுகுக் கழுகுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்த பிறகு, 2004ல்தான் காரணம் நிரூபணமானது. 2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்றாகப் புழங்கிய வேறு இரண்டு மருந்துகள், கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக், 2023ல் தடைக்கு வந்தன. கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் கையில் இருக்கிறது. எதை எழுத வேண்டும் என்பது படித்த டாக்டருக்குத் தெரியும். டாக்டரே இல்லாத ஊரில் ஊசி போடுகிறவருக்கு யார் சொல்வது?

பிரச்சினையின் வேர் அங்கேதான். 2019ன் கால்நடைக் கணக்கெடுப்பு 53 கோடிக்கும் அதிகமான கால்நடைகளைக் காட்டியது. ஐயாயிரம் மாடுகளுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று தேசிய விவசாய கமிஷன் 1976லேயே சொல்லிவிட்டது. இன்னும் பல மாநிலங்களில் மருந்தகம் இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது, டாக்டர் பணியிடம் காலியாக இருக்கிறது. ஒருவரே இரண்டு மூன்று மருந்தகங்களைக் கவனிப்பது சகஜம். 1962 என்ற எண்ணைச் சுழற்றினால் வீட்டு வாசலுக்கே வரும் நடமாடும் ஊர்திகள் நல்ல ஏற்பாடு. ஆனால் மத்திய அரசின் கணக்கே ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒரு ஊர்தி என்பதுதான். பிரசவ வேதனையில் இருக்கும் எருமை வரிசையில் காத்திருக்காது.

இடைவெளியை நிரப்புகிறவர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ பை நிறைய ஊசியோடு வருபவர். ஒரே ஆன்டிபயாடிக்கை எல்லா வியாதிக்கும் போடுவார். மாடு எழுந்தால் அவர் கெட்டிக்காரர், எழாவிட்டால் விதி. மிச்ச மருந்து பாலில் கலந்து யார் வீட்டுக் குழந்தையின் டம்ளருக்குப் போகிறது என்று யாரும் கணக்கு எடுப்பதில்லை. கால்நடை டாக்டர் பற்றாக்குறை மாட்டுக்காரரின் பிரச்சினை மட்டுமல்ல. பால் வாங்குகிற எல்லோருடையதும்.

இந்தத் தொழிலின் மிகப் பெரிய வெற்றியை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. வெக்கை நோய் ஒரு காலத்தில் ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போனது. உழ மாடில்லாமல் பஞ்சம் பின்னால் வந்தது. குமாவுன் மலையில் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் 1920களில் ஆட்டின் உடலில் பழக்கிய கிருமியிலிருந்து தடுப்பூசி தயாரானது. 1954ல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஐஸ் பெட்டியோடு பஸ்ஸிலும் நடந்தும் போன டாக்டர்களும் உதவியாளர்களும் சந்தை சந்தையாக, கொட்டில் கொட்டிலாக ஊசி போட்டார்கள். மிரண்ட மாடுகளிடம் உதை வாங்கினார்கள்; ஊசி போட்டால் பால் வற்றும் என்று கதவைச் சாத்தியவர்களிடம் கெஞ்சினார்கள். 1995க்குப் பிறகு இந்தியாவில் அந்த நோய் இல்லை. 2011ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றிலும் ஒழித்த இரண்டாவது நோய் அது. பெரியம்மையின் கதை பாடப் புத்தகத்தில் இருக்கிறது. வெக்கை நோய் என்ற பெயரே இளைய தலைமுறை மாட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

அதுதான் இந்தத் தொழிலின் விசித்திரம். நோய் வந்தால் டாக்டர் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். வராத நோய்க்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

பரேலில் ஒவ்வொரு ஜனவரியும் சங்கராந்திப் பட்டங்கள் பறக்கும்போது, மாஞ்சா நூலில் சிறகு அறுபட்ட பறவைகள் அட்டைப் பெட்டிகளில் வந்து சேர்கின்றன. ஒரு புறாவின் சிறகைத் தைக்க ஆகும் நேரம் ஒரு மனிதனின் விரலைத் தைக்க ஆகும் நேரத்தைவிடக் குறைவல்ல. புறாவுக்குச் சொந்தக்காரர் கிடையாது. பில் கட்ட ஆளில்லை. தைத்து முடித்துப் பறக்க விட்டால் அது திரும்பிப் பார்ப்பதுமில்லை. அடுத்த பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.