முதலில் தண்ணீர்க் கணக்கு!

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் இருக்கிறது சிம்ப்சன் பாலைவனம். ஏறத்தாழ 1,100 மணல்மேடுகள் அங்கே வரிசை கட்டி நிற்கின்றன. 1962-ல் ரெக் ஸ்ப்ரிக் என்ற நிலவியல் அறிஞர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இதைக் கடந்தார். மோட்டார் வண்டியில் முதன்முதலில் கடந்தது அந்தக் குடும்பம்தான்!

இன்றும் பலர் குடும்பத்தோடு போகிறார்கள். அவர்களின் திட்டம் தண்ணீரில்தான் தொடங்குகிறது. குடிக்க மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால், 4 பேருக்கு 7 நாள்களுக்கு 140 லிட்டர். அதாவது, 140 கிலோ பாரம். மேற்கே மவுண்ட் டேர், கிழக்கே பேர்ட்ஸ்வில். இடையே பெட்ரோல் பங்க் கிடையாது. எனவே, டீசல் கேன்களும் வண்டியில் ஏறும். பாரம் கூடினால் வண்டி மணலில் புதையும், டீசலும் கூடுதலாகச் செலவாகும். அதற்காகத் தண்ணீரில் கைவைக்கக் கூடாது. மற்ற மூட்டைகளைத்தான் குறைக்க வேண்டும்.

மேட்டின் மறுபக்கம் வருபவர் கண்ணில் பட, வண்டியில் உயரமான கொடி கட்டாயம். செல்போன் சிக்னல் கிடைக்காது. சாட்டிலைட் போன் வேண்டும். கடும் வெயிலால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்குள்ள தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள்.

போகும் வழியையும் திரும்பும் தேதியையும் ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவது முக்கியம். வண்டி பழுதானால், உதவி தேடி நடக்கவே கூடாது. தேடி வரும் விமானத்துக்கு வண்டி தெரியும். மணலில் தனியாக நடக்கும் மனிதர் தெரிவது கடினம். இதைப் பிள்ளைகளுக்கும் புறப்படும் முன்பே சொல்லிவைப்பது நல்லது.