மருந்துக்கு முன் மண்ணைப் பார்!

கொல்லைப்புறம் இருந்த காலத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் கேட்பாரின்றியே வளர்ந்தன. இன்று வீடு சுருங்கிவிட்டது. மாடிப்படியும் சன்னலோரமுமே பலருக்குத் தோட்டம். மண் இல்லாத இடத்திலும் பசுமை வேண்டும் என்று ஏங்கும் மனித மனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அந்த ஆசையின் பின்னாலேயே பூச்சிமருந்துப் புட்டியும் வீட்டிற்குள் நுழைகிறதே! அதைப்பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

நான் தாவரவியல் மாணவன் அல்லன், வரலாறு பயில்பவன். எனினும், தொட்டிச் செடிகளோடு சில ஆண்டுகள் பழகியவன் என்ற உரிமையில் ஒன்றைத் துணிந்து கூறுவேன். தொட்டிச் செடியைப் பூச்சி அரிக்கிறது என்றால், முதலில் கூண்டிலேற்ற வேண்டியது நம் வளர்ப்பு முறையைத்தான்.

காட்டு மரத்தின் வேர் நீரைத் தேடிச் செல்லும். தொட்டிச் செடியோ நாம் ஊற்றியதைக் குடித்து, நாம் வைத்த இடத்தில் நிற்கும் கைதி. அன்பு மிகுந்து நாள்தோறும் நீர் வார்க்கிறோம். மண்ணில் காற்று புக இடமின்றி வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது, இலை வாடுகிறது. வாடியதைக் கண்டு மேலும் ஊற்றுகிறோம்! உரத்தின் கதையும் இதுவே. தழைச்சத்து மிகுந்தால் தளிர் மென்மையாகக் கொழுக்கும்; சாறு உறிஞ்சும் அசுவினிக்கு அது விருந்து. வெளிச்சம் எட்டாத மூலையில் செடி வெளிறி நீண்டு வலுவிழக்கும். வறட்சியில் தூசி படிந்து கிடக்கும் இலையின் அடிப்புறத்தில் சிலந்திப்பேன் குடியேறும்.

எறும்பையும் மறக்கலாகாது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. அதைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. தொட்டியில் எறும்புச்சாரை தெரிந்தால் அதை ஓர் எச்சரிக்கை மணியாகக் கொள்க.

என் அத்தை வீட்டுத் திண்ணையில் ஒரு செம்பருத்தித் தொட்டி. அதில் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. வயலுக்கு அடித்ததில் மீந்த மருந்தைக் கொண்டுவந்தார் மாமா. அதே திண்ணையில்தான் அவர்களுடைய பேத்தி, இரண்டு வயதுக் குழந்தை, விழுந்த பூவைப் பொறுக்கி வாயில் வைத்து விளையாடுவாள். “பூச்சிக்கு விஷம் என்றால் பிள்ளைக்கு மட்டும் பாலா?” என்று அத்தை கேட்ட கேள்விக்கு மாமாவிடம் விடையில்லை. புட்டி திரும்பிப் போயிற்று. பழுத்த கிளைகளை வெட்டி, வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் ஒருமுறை தெளித்தோம். மூன்று வாரத்தில் செடி மீண்டது.

விஷத்தால் மட்டும் வெற்றி கிட்டாது என்பதற்கு நம் மாநிலமே சான்று. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பல பயிர்கள் பாழாயின. மெழுகுப் பூச்சுக்குள் பதுங்கிய பூச்சியை மருந்து எளிதில் தீண்டவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் வருவிக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அக்குளவிகளே அப்பூச்சியை அடக்கின.

“வீட்டிற்குள் குளவி வளர்க்கச் சொல்கிறாயா?” என்று நண்பர்கள் நகைக்கலாம். வேண்டாம். நட்பான உயிர்களைக் கொல்லாதிருந்தாலே போதும். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் வெண்பஞ்சு போர்த்தியே திரியும். பார்த்த மாத்திரத்தில் நசுக்கிவிடாதீர்கள்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. அடியில் துளையுள்ள தொட்டி. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த மண். விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்து, ஈரமில்லையெனில் மட்டும் தண்ணீர். வாரம் ஒருமுறை இலையின் இருபுறமும் ஈரத்துணியால் துடைத்தல். புதிதாக வாங்கிய செடியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தல். பூச்சி தென்பட்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவுதல். அதற்கும் அடங்காவிடில், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, ஓர் இலையில் சோதித்தபின், மாலை வேளையில் இலையடியில் படுமாறு தெளித்தல். இவ்வளவே. இத்தனைக்குப் பின்னும் தேறாத செடியை அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளுக்குச் செய்யும் உதவி.

இறுதியாக, நம் கல்லூரிக்கு வருகிறேன். விழாவுக்கு விழா தாழ்வாரத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகள் அணிவகுக்கின்றன. விழா முடிந்ததும் ஒரு வாரம் எல்லோரும் நீர் ஊற்றுகிறோம். மறுவாரம் எவரும் ஊற்றுவதில்லை. பிறகு பூச்சி விழுந்துவிட்டது என்று தோட்டக்கார அண்ணனைக் குறை கூறுகிறோம். வளாகம் முழுவதையும் ஒருவராகப் பார்க்கும் அவர் எத்தனை தொட்டியைத்தான் காப்பார்? வகுப்புக்கு நான்கு தொட்டிகள் என்று பிரித்துக்கொண்டு, நீர் ஊற்றும் முறையைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தால் என்ன? தாவரவியல் துறை நண்பர்கள் பூச்சிகளை அடையாளம் காட்டினால், எங்களைப் போன்ற கலைப்பிரிவு மாணவரும் கற்றுக்கொள்வோம். பேராசிரியப் பெருமக்கள் இதனை ஆதரிக்க வேண்டுகிறேன்.

செடி வாய் திறந்து கேளாது, இலையால் பேசும். அதைப் படிக்கத் தெரிந்தவன் கைக்கு விஷப்புட்டி தேவைப்படாது. வரும் கல்வியாண்டில் நம் தாழ்வாரத்துத் தொட்டிகள் அதை மெய்ப்பிக்கட்டும்!